டிக்கோவின் கடைசிப் பதினோரு நிமிடங்கள்

தன் பொம்மையை அம்மா பழைய சாமான் வண்டிக்காரனிடம் தூக்கிப் போட்டதை ஹர்ஷிணி முப்பத்தெட்டு வருடங்களாக மன்னிக்கவில்லை. வீட்டில் எதைப் பற்றிச் சண்டை ஆரம்பித்தாலும், சாம்பாரில் உப்புக் கூடியதானாலும் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்ததானாலும், பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரம் பார்த்து அவள் பொம்மையை எடுத்து எறிந்தவள்தானே நீ என்று கேட்பாள். அம்மா சுகந்தி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. எழுபதைத் தாண்டிய அந்த மனுஷி, மடங்காத இடது கையை மடியில் போட்டுக்கொண்டு டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அந்த மௌனம் ஹர்ஷிணிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

பொம்மையின் பெயர் டிக்கோ. ஒரு சாண் உயர ரோபோ. நீல நிற விண்வெளி உடுப்பு, தலையில் கண்ணாடிக் கூண்டு, முதுகில் இரண்டு சிலிண்டர்கள். குழந்தையை 'கேப்டன்' என்று கூப்பிடும். கேப்டன் பேசுவதையும் பக்கத்தில் யார் பேசுவதையும் வயிற்றுக்குள் இருக்கும் நினைவகச் சில்லில் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அதற்கேற்ப வாயாடும். கடைகளில் மூன்றே வருடம் விற்றது. பிறகு, குழந்தைகளின் பேச்சை ஒரு பொம்மை சேர்த்து வைக்கலாமா என்று யாரோ வழக்குப் போட, கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேர் குப்பையில் போட்டார்கள். மீதிப் பேர் பரணில் போட்டுவிட்டு மறந்தார்கள்.

இப்போது அந்தப் பரண்களுக்குத்தான் மவுசு. சேகரிப்பாளர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். சில்லைத் துடைத்துவிட்ட பொம்மையை அவர்கள் 'ஊமை' என்பார்கள், அதைச் சீண்டமாட்டார்கள். எந்தப் பொம்மைக்குள் யாரோ ஒரு குழந்தையின் குரல் இன்னும் அழியாமல் இருக்கிறதோ, அது 'வாயுள்ளது'. அதற்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம். பொம்மை யாருடையதோ அதற்குள் இருக்கும் பேச்சும் அவருடையதே, பொம்மையின் மேல் விழுந்த கீறலைப் போலத்தான் அதுவும் என்று ஒரு தீர்ப்பு வேறு வந்துவிட்டது. ஒரு பிள்ளை பயந்து அழுததும் கீறல், அதன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசும்பியதும் கீறல். சட்டம் படித்தவர்களுக்கு அப்படித்தான் படுகிறது போலிருக்கிறது.

ஹர்ஷிணி பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்காநல்லூர் ஃபிளாட்டில் அவளும் அம்மாவும்தான். தன் டிக்கோவைத் தேடித்தான் அவள் முதலில் இந்தச் சேகரிப்பில் இறங்கினாள். அது கிடைக்கவில்லை. அடுத்தவர்களுடையவை ஏழு கிடைத்தன. அவற்றை ஹாலில் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேசவிட்டுக் கேட்பாள். நான்காவது பொம்மையில் ஒரு பையனுக்கு அவன் அம்மா அழுதுகொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லித்தருவாள். ஹர்ஷிணிக்கு அது மனப்பாடம். அந்த அம்மா எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவாள் என்பது வரைக்கும் கூடவே வாயசைப்பாள். சுகந்தி அந்த நேரத்தில் மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுவாள். ஒரு தடவை மட்டும் படியிலிருந்து திரும்பி, "யாரு வூட்டுப் பிள்ளைங்களோ" என்றாள். வாழ்நாளில் அவள் சொன்ன எதிர்ப்பு அவ்வளவுதான்.

சேகரிப்பாளர் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடும். டாக்டர்கள், ஆடிட்டர்கள், மில் முதலாளிகள் என்று முப்பது நாற்பது பேர். காலைப் பந்தியின் ரச வாசனை போகாத நீள மேஜைகளில் பேப்பரை விரித்துப் பொம்மைகளை நிறுத்துவார்கள். பஜ்ஜி, காபி முடிந்ததும் 'வாய் திறப்பு' நடக்கும். புதிதாக ஒன்றைப் பிடித்தவர் எழுந்து, பொம்மையின் கண்ணாடிக் கூண்டைக் கழற்றி, "டிக்கோ, கேப்டன் என்ன சொன்னார்?" என்று கேட்பார். அது மனம்போன போக்கில் ஏதோ ஒரு நாளின் பேச்சை எடுத்துவிடும். எல்லோரும் கேட்டுவிட்டுக் கை தட்டுவார்கள்.

சங்கத்துக்கு இரண்டு விதிகள். பொம்மையின் பேச்சை நகல் எடுக்கக் கூடாது. நகல் எடுத்த பொம்மை அவர்களுக்கு எச்சில் இலை. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது என்னிடம்தான் இருக்கிறது என்பதில்தானே அவர்களுடைய பெருமையே. இரண்டாவது, அது யாருடைய குழந்தை என்று கேட்கவும் கூடாது, தேடிப்போகவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் போத்தனூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, டாக்டர் ஒருவரிடம் இருக்கும் பொம்மையில் பேசுவது ஒன்பது வயதில் செத்துப்போன தன் மகள் என்று கூடத்தின் நடுவில் நின்று அழுதார். அன்றைக்கு எழுந்து விதியை வாசித்தது ஹர்ஷிணிதான். இப்படி ஒவ்வொருவராக வந்து அழுதால் சங்கம் நடத்த முடியாது என்றாள். பெரியவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள்.

இந்த முறை எழுந்தது நிகிலேஷ். பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்காரர், சங்கத்திலேயே பெரிய சேகரிப்பு அவருடையதுதான். உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர் இறந்துபோக, கிடங்கைக் காலி செய்யும்போது கிடைத்ததாம். கூண்டைக் கழற்றிக் கேட்டார். பொம்மை கரகரத்துவிட்டுத் திறந்தது.

"என் பேரு ஹர்சினி. ஒன்னாங் கிளாஸ் பி செக்ஷன்."

ஹர்ஷிணியின் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. முன்பல் இரண்டும் விழுந்த வாயால் அவளுக்கு 'ஷி' வராமல் இருந்த வருடம் அது. தொடர்ந்து ஒரு கதவு படபடவென்று தட்டப்படும் சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி அடங்கிய குரலில் அந்தக் குழந்தை, "டிக்கோ, சத்தம் போடாத. அப்பா போற வரைக்கும் மூச்சு விடாத" என்றது. பிறகு அழுகையை விழுங்குகிற சத்தம், நெடுநேரத்துக்கு. அவளுக்குப் பின்னாலிருந்த ஆடிட்டர், என்ன ஒரு உணர்ச்சி, என்ன ஒரு தெளிவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கூடம் முழுக்கக் கை தட்டியது.

ஹர்ஷிணி எழுந்து, அது நான் என்றாள். கைதட்டல் நின்றது. அது என் பொம்மை, பேசுவது என் குரல், கொடுங்கள் என்றாள். சங்கத் தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த விதியை அம்மிணி அளவுக்கு அறிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை என்று பணிவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர்களை எல்லாம் செருப்பைக் கழற்றி அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அந்த விதியை வாசித்த வாய் தன்னுடையதுதான் என்பதால், எந்த முகத்தில் முதல் அடி விழ வேண்டும் என்பதும் தெரிந்தது.

நிகிலேஷ் மட்டும் வெளியே வந்து, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

ரேஸ்கோர்ஸில் அவருடைய வீட்டில் பொம்மைகளுக்கென்றே குளுகுளு அறை ஒன்று இருந்தது. அறுபது எழுபது டிக்கோக்கள் சுவரெல்லாம் நின்றன. நிகிலேஷ் அவளை உட்கார வைத்து, பேச்சை நாள் வரிசையில் ஓடவிடும் ஒரு கருவியைப் பொம்மையின் முதுகில் செருகினார். மற்றதெல்லாம் எல்லாக் குழந்தையும் பேசுவதுதான், கடைசிப் பதினோரு நிமிடம்தான் விசேஷம் என்று சொல்லி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

முதலில் அவளுடைய குரல்தான் வந்தது. ஆறு வயதுக் குரல், குசுகுசுவென்று.

"டிக்கோ, ஒரு ரகசியம். அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு. வெள்ளிக்கிழமை நாங்க தாராபுரம் பெரியம்மா வூட்டுக்குப் போயிருவோம். அப்பாவுக்குத் தெரியாது. திரும்பி வரவே மாட்டோம். உன்னையும் பையில வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு நான்கு முறை 'பிப்' என்று சத்தம் வந்தது. அது என்ன என்று ஹர்ஷிணி கேட்டாள்.

"அதுதானுங்க பெற்றோர் பொத்தான்" என்றார் நிகிலேஷ். "பாதத்துக்கு அடியில இருக்குமுங்க. நாலு நம்பர் போட்டு அமுக்கினா, பிள்ளை அன்னிக்கு என்ன பேசுச்சுன்னு பொம்மை ஒப்பிச்சுப்போடும். அதைச் சொல்லித்தானே கம்பெனிக்காரன் வித்ததே. உங்க குழந்தை மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்குங்கன்னு விளம்பரம். உங்க வீட்ல உங்கப்பா தெனமும் சாயங்காலம் அமுக்கியிருக்கறாருங்க. நீங்களே கேளுங்க."

அப்பாவின் குரல். அந்த ஆள் செத்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னிக்கு என்ன விசேஷம் டிக்கோ என்று கொஞ்சலாகக் கேட்டார். டிக்கோ உற்சாகம் குறையாமல், ராக்கெட் புறப்படும்போது சொல்லும் அதே ராகத்தில், வெள்ளிக்கிழமை தாராபுரம் பயணம், அப்பாவுக்குத் தெரியாது, திரும்பி வர மாட்டோம் என்று ஒப்பித்தது.

பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. பாத்திரங்கள் விழுந்தன. ஏதோ ஒன்று முறிந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை போனது என்று அம்மா முப்பத்தெட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த கதை அந்த இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. அவர்கள் தாராபுரம் போகவில்லை. அந்த ஆள் சாகும்வரை ஒன்பது வருடம் அதே வீட்டில்தான் இருந்தார்கள்.

கடைசியில், பகல் நேரம் போலிருக்கிறது, தெருவில் பழைய சாமான் வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. அதற்கு மேலே சுகந்தியின் குரல், மூச்சு வாங்கியபடி:

"இத பாரு, உன்னைய எப்பிடி அழிக்கறதுன்னு எனக்குத் தெரியல. நம்பர் அவருக்குத்தான் தெரியும். ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன் சாமி. எங்காச்சும் பாப்பா கைல நீ மறுபடி கிடைச்சீன்னா, இதச் சொல்லிப்போடாத. அவ சொன்னதுனாலதான்னு அவளுக்குத் தெரியக் கூடாது. ஆறு வயசுதான் ஆகுது. தாங்க மாட்டா."

"சரி அம்மா! டிக்கோ ரகசியம் காப்பான்!" என்றது பொம்மை.

ஹர்ஷிணி நிமிர்ந்து பார்த்தாள். நிகிலேஷ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. தாங்க மாட்டா என்ற இடத்தில் அம்மாவின் மூச்சு திணறுவதைக்கூட அவர் விடவில்லை. கண்ணைத் திறந்து, "இந்த இடம் எப்பக் கேட்டாலும் புல்லரிக்குதுங்க" என்றார்.

அவளுக்குக் கோபத்தில் கண் இருட்டியது. அம்மா கெஞ்சியது ஒரு பிளாஸ்டிக் பொம்மையிடம். அதைக் கேட்டுப் புல்லரிக்க இவன் யார்? முப்பத்தெட்டு வருடம், சாம்பாரில் உப்புக் கூடிய ஒவ்வொரு நாளும் தான் கேட்ட கேள்விக்குப் பதிலாக இந்த ஒரு வாக்கியத்தை அம்மா வாய்க்குள் வைத்து அடைகாத்திருக்கிறாள். அதை இவன் குளுகுளு அறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறான். தன்மேலும் கோபம் வந்தது. அம்மாவின் மேல்கூடக் கொஞ்சம் வந்தது. ஒரு தடவையாவது திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா?

விலை கேட்டாள். காசுக்குக் கொடுப்பதில்லை என்றார். வரும் வாரம் சென்னையில் மாநில மாநாடு, முந்நூறு பேர் வருகிறார்கள், அங்கே இந்தப் பதினோரு நிமிடத்தை வாய் திறப்பதாக ஏற்பாடு என்றார். ஹர்ஷிணி கையெடுத்துக் கும்பிட்டாள். என் அம்மா உயிரோடு இருக்கிறாள், இதை நாலு பேர் கேட்டால் அவள் செத்துப்போவாள் என்றாள். நிகிலேஷ் உண்மையிலேயே சங்கடப்பட்டார். மோசமான ஆள் என்று அவரைச் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் கோபம்.

"எனக்கும் கஷ்டமாத்தானுங்க இருக்குது. ஒன்னு செய்யலாம். உங்ககிட்ட ஏழு இருக்குதில்லீங்களா? ஏழுமே வாயுள்ளது. அந்த ஏழையும் குடுத்துப்போட்டு இதை எடுத்துக்குங்க. மாநாட்டுக்கு எனக்கு ஏதாச்சும் வேணுமில்லீங்களா."

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள். அம்மா மாடியில் இருந்தாள். ஏழையும் ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துண்டு சுற்றி அடுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினாள். நிகிலேஷ் ஒவ்வொன்றின் கூண்டையும் கழற்றி வாயைச் சோதித்தார். நான்காவதில் வாய்ப்பாடு ஓடியது. அட, இது பிரமாதமாக இருக்கிறதே, மாநாட்டில் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஹர்ஷிணி காதில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. தன் பொம்மையைக் கைப்பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி வந்தாள்.

நேரே லேபுக்குப் போனாள். டிக்கோவின் வயிற்றைப் பிளந்து சில்லை எடுத்தாள். சுண்டு விரல் நகத்தளவுதான் இருந்தது. இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பல் செட்டைத் தேய்க்கும் மெஷினில் கொடுத்தாள். அது கீச்சென்று கத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஆளின் கொஞ்சல் குரலை, முந்நூறு பேரின் கைதட்டலை, கம்பெனியின் விளம்பரத்தை எல்லாம் சேர்த்து வைத்துத் தேய்த்தாள். சில்லு தீர்ந்து, இடுக்கியின் நுனியும் தேய ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினாள். சாம்பல் நிறத் தூளை டிஷ்யூ பேப்பரில் வழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அம்மாவின் ரகசியத்தை இனி யாரும் கேட்க முடியாது. அன்று முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டில் சுகந்தி சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மடங்காத கையால் காயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் நறுக்குவது அவள் வழக்கம். காலி அலமாரியை ஏற்கனவே பார்த்திருந்தாள் போல. ஹர்ஷிணி எதிரே உட்கார்ந்தாள். எதுவும் சொல்லக் கூடாது, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் தீர்மானம் உடைந்துவிட்டது.

"என் டிக்கோ கிடைச்சுதும்மா."

கத்தி நின்றது. சுகந்தி நிமிராமல், "கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"சொல்ல மாட்டேன்னுச்சே" என்றாள் சுகந்தி. யாரோ தெரிந்தவர் ஏமாற்றிவிட்டதைச் சொல்லும் குரல் அது.

ஹர்ஷிணி உடைந்து அழுதாள். அழுகையோடு கோபமும் வந்தது. இத்தனை வருடம் நான் பேசியதை எல்லாம் எதற்காக வாங்கிக்கொண்டாய், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன என்று மேஜையைத் தட்டிக் கேட்டாள். சுகந்தி அவளை அழவிட்டாள். பிறகு, ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் ரகசியத்தைச் சொன்னது நான்தானே, அந்தத் தப்புக்கு நீ ஏன் அழ வேண்டும், என்மேல் கோபித்துக்கொண்டிருப்பதே உனக்கு நல்லது என்று நினைத்தேன் என்றாள். அவ்வளவுதான்.

ஹர்ஷிணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பயப்படாதே, சில்லை மெஷினில் கொடுத்து மாவாக்கிவிட்டேன், நீ பேசியதை இனி எவனும் கேட்க மாட்டான் என்றாள். சுகந்தியின் முகம் தெளிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுகந்தியின் பார்வை அலமாரிக்குப் போனது.

"வெச்சிருந்தவன் சும்மாவா குடுத்தான்?"

"அந்த ஏழையும் குடுத்துட்டு வாங்கினேன்."

சுகந்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அந்த ஏழுல எத்தனை அம்மா பேசறாங்க கண்ணு?"

ஹர்ஷிணிக்கு ஏழும் மனப்பாடம், எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. நாலு பேர் என்றாள்.